கடை இல்லாத அவென்யூ

"ரெண்டு மைல் நடந்தாச்சு, ஒரு பெட்டிக்கடைகூடக் கண்ணுல படல. என்ன ஊருடா இது?"

அம்மா இதைக் கேட்டது கனெக்டிகட் அவென்யூ நடைபாதையில் நின்றுகொண்டு. வாஷிங்டன் நகரமும் மேரிலாந்து மாநிலமும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் செவி சேஸ் வட்டம் என்று ஒரு ரவுண்டானா உண்டு. நடுவில் பெரிய நீரூற்று. பேருந்தில் போகும்போதெல்லாம் அம்மா அதை எட்டிப் பார்ப்பாள். அன்றைக்கு இறங்கியே பார்த்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அடுத்த வண்டி வர நேரமிருந்தது. "நடந்துடலாம்பா. மாட வீதிய நாலு சுத்து சுத்தின காலுதானே" என்று அவளே கிளம்பினாள்.

அகலமான சாலை. இருபுறமும் வயதான மரங்கள். சாலையிலிருந்து நன்றாக உள்வாங்கிக் கட்டிய வீடுகள், முன்னால் வெட்டி ஒதுக்கிய புல்வெளி. கொஞ்சதூரம் போனால் கிளப்பின் வேலி, கால்ஃப் மைதானம், மறுபடியும் வீடுகள். டீக்கடை இல்லை, மருந்துக்கடை இல்லை, உட்கார ஒரு திண்ணை இல்லை. அம்மாவுக்குத் தாகம். வீட்டில் தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டு வந்தது நான்.

"பணக்காரங்க இருக்கிற இடம்மா" என்று சமாளித்தேன்.

"பணக்காரங்களுக்குக் கொத்தமல்லி வேணாமா?"

இந்தச் சாலையில் ஆறு வருஷமாகப் போய்வருகிறேன். ஒரு நாளும் எனக்கு இந்தக் கேள்வி தோன்றியதில்லை. அம்மா ஊருக்குத் திரும்பும்வரை கிடைத்த நேரமெல்லாம் உள்ளூர் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். கடை இல்லாததற்குக் காரணம் 1892-இல் இங்கே வந்த ஒரு டிராம் வண்டி என்பது கடைசியில் தெரிந்தது.

அந்த வண்டியை இங்கே டிராலி என்பார்கள். டிராலி என்றால் நமக்கு ரயில்வே கேங்மேன்கள் தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு போகும் பலகை வண்டி நினைவுக்கு வரும். இந்தத் தலைமுறைக்கு சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டி. அமெரிக்கர்களுக்கு டிராலி என்பது மின்சார டிராம். வண்டிக் கூரையிலிருந்து சாய்வாக ஒரு கம்பம் மேலே போகும். அதன் நுனியில் இருக்கும் சிறு சக்கரம், தெருவுக்கு மேலே கட்டிய கம்பியை அடியிலிருந்து அழுத்திக்கொண்டே உருளும். மின்சாரம் கம்பியில் வந்து, மோட்டாரைச் சுழற்றிவிட்டு, தண்டவாளம் வழியாகத் திரும்பிப் போகும். அந்த உருளும் சாதனத்தின் பெயரே வண்டிக்கும் ஆகிவந்தது. வெர்ஜினியாவின் ரிச்மண்ட் நகரில் 1888-இல் ஃபிராங்க் ஸ்பிரேக் என்ற பொறியாளர் மேடு பள்ளமான தெருக்களில் இதைப் பெரிய அளவில் ஓட்டிக் காட்டினார். அதற்குப் பிறகு அமெரிக்க நகரங்கள் குதிரைகளை அவிழ்த்துவிடத் தொடங்கின.

குதிரை டிராம் மணிக்கு ஐந்தாறு மைல் போகும். ஏற்றம் வந்தால் மூச்சு வாங்கும். அதை நம்பி நகரத்துக்கு வெளியே ஆறேழு மைல் தள்ளி வீடு கட்டிக்கொண்டு தினமும் அலுவலகம் போய்வருவது நடக்காத காரியம். மின்சார வண்டி வந்ததும் அந்தக் கணக்கு மாறியது. மாறப்போகிறது என்பதை மற்றவர்களுக்கு முன்பே மோப்பம் பிடித்தவர்களில் ஒருவர் ஃபிரான்சிஸ் நியூலேண்ட்ஸ்.

நியூலேண்ட்ஸின் மாமனார் வில்லியம் ஷாரன் நெவாடா வெள்ளிச் சுரங்கங்களில் கொழித்தவர். அவர் 1885-இல் காலமான பிறகு சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பு மருமகனிடம் வந்தது. நெவாடா செனட்டர் வில்லியம் ஸ்டூவர்ட்டையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, வாஷிங்டனுக்கு வடமேற்கே நிலம் வாங்கத் தொடங்கினார். நேராகப் போய் வாங்கவில்லை. இடையில் ஆட்களை வைத்து, வாங்குபவர் யார் என்பது தெரியாதபடி, ஒவ்வொரு பண்ணையாக வளைத்தார். விஷயம் வெளியே கசிந்தால் விலை ஏறிவிடும் அல்லவா. நம்மூரில் பைபாஸ் ரோடு எங்கே வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தவர் செய்கிற அதே வேலைதான். ஒரு வித்தியாசம்: இங்கே ரோடு எங்கே வர வேண்டும் என்பதையும் வாங்குபவரே முடிவு செய்தார். சேர்ந்த நிலம் 1,700 ஏக்கருக்கும் மேல். 1890-இல் அதற்காகச் செவி சேஸ் லேண்ட் கம்பெனி பதிவானது.

ஊர்ப்பெயரும் பத்திரத்திலிருந்து எடுத்ததுதான். கர்னல் ஜோசப் பெல்ட் என்பவருக்கு 1725-இல் எழுதப்பட்ட நிலப் பட்டாவில் இருந்த பெயர். ஸ்காட்லாந்து எல்லையில் உள்ள செவியட் குன்றுகளின் வேட்டைக் காட்டைக் குறிக்கும் சொல். அமெரிக்காவில் பலருக்கு அது முதலில் ஒரு நகைச்சுவை நடிகரின் பெயர், அது வேறு கதை. நியூலேண்ட்ஸ் வந்தபோது இங்கே இருந்தவை பண்ணைகளும் மரக்கூட்டங்களும் மட்டும். ஊர் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

அதனால் 'கிராமத்துக்கு டிராம் வந்தது' என்று சொன்னால் தலைகீழ். டிராம் முதலில் வந்தது. ஊர் அதன் பின்னால் ஏறி வந்தது.

கம்பெனி கனெக்டிகட் அவென்யூவை நகரத்தின் பழைய எல்லையிலிருந்து வடக்கே, மேட்டை வெட்டி, பள்ளத்தைத் தூர்த்து, மேரிலாந்துக்குள் நீட்டியது. அது தோள் சுளுக்கும் வேலை. ராக் க்ரீக் ஓடையின் பள்ளத்தாக்கு நகரத்தையும் இந்தப் பக்கத்தையும் இரண்டாக வெட்டிப் போட்டிருந்தது. கால்வெர்ட் தெருவில் அந்தப் பள்ளத்தாக்கின் குறுக்கே உயரமான இரும்புப் பாலம் 1891-இல் எழும்பியது. கிளிங்கிள் ஓடைக்குக் குறுக்கே இன்னொன்று. தண்டவாளம் போட்டது ராக் க்ரீக் ரயில்வே, நியூலேண்ட்ஸ் தரப்பின் கையில் இருந்த நிறுவனம். 1892 செப்டம்பரில் செவி சேஸ் லேக் வரை வண்டி ஓடியது.

அந்தப் பாலத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இது. 1934-இல் அதே இடத்தில் கான்கிரீட் பாலம் கட்ட முடிவானது. டிராமை நிறுத்த முடியாது. என்ன செய்தார்கள் தெரியுமா? பழைய இரும்புப் பாலத்தை அப்படியே உருளைகள் மேல் ஏற்றி 80 அடி பக்கவாட்டில் நகர்த்தி வைத்துவிட்டார்கள். டிராம் நகர்ந்த பாலத்தின் மேல் ஓடிக்கொண்டிருக்க, பழைய இடத்தில் புதுப் பாலம் எழுந்தது. இன்று அந்தப் புதுப் பாலத்துக்கு ஜாஸ் இசைக் கலைஞர் ட்யூக் எலிங்டனின் பெயர். அதன் மேல் பேருந்தில் போகும்போதெல்லாம், ஒரு பாலம் மெதுவாக ஒதுங்கி நின்று இதற்கு வழிவிடுவதாக எனக்குத் தோன்றும்.

சரி, வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. ஏறுவதற்கு யார்? வழிநெடுக வயல். வண்டி ஓட்டி நாலு காசு பார்ப்பது நோக்கமே இல்லை. அன்றைய அமெரிக்க டிராம்களில் பொதுவாகக் கட்டணம் 5 சென்ட். அந்தச் சில்லறையை வைத்து இரும்புப் பாலத்தின் கடனை அடைக்க முடியாது. ஏக்கர் கணக்கில் வாங்கிய நிலத்தை மனையாக வெட்டி அடிக் கணக்கில் விற்பதில்தான் லாபம். மனை வாங்க வருபவருக்கு 'இதோ பாருங்கள், வாசலில் வண்டி' என்று காட்டுவதற்காகத்தான் வண்டி. மேல்மருவத்தூர் தாண்டி மனை விற்பவர்கள் தி.நகரிலிருந்து இலவச வேன் விடுகிறார்கள் அல்லவா? அந்த வேனைத் தண்டவாளம் போட்டு முப்பது நாற்பது வருஷம் ஓட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் மட்டும் சரியாக அமையவில்லை. 1893-இல் அமெரிக்கப் பொருளாதாரம் குப்புற விழுந்தது. வங்கிகள் மூடின. முதல் சில வீடுகளை லியான் டெஸெஸ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்திருந்தார். இன்று அமெரிக்கத் துணை அதிபர் வசிக்கும் மாளிகையும் அவர் வடிவமைத்ததே. ஆனால் வாங்க ஆள் வரவில்லை. பல ஆண்டுகள் வண்டிகள் பெரும்பாலும் காலி நிலத்துக்கு நடுவே மணியடித்துக்கொண்டு போய்வந்தன. கம்பெனி விலையைக் குறைக்கவில்லை, விதிகளையும் தளர்த்தவில்லை. அந்த விதிகளில்தான் அம்மாவின் கொத்தமல்லி இருக்கிறது.

ஒவ்வொரு மனைப் பத்திரத்திலும் நிபந்தனைகள் எழுதப்பட்டன. கனெக்டிகட் அவென்யூவைப் பார்த்த வீடு 5,000 டாலருக்குக் குறையாமல் கட்ட வேண்டும். பக்கத் தெருவில் என்றால் 3,000. அவென்யூவில் வீடு தெருவிலிருந்து 35 அடி உள்ளே தள்ளி நிற்க வேண்டும், பக்கத் தெருவில் 25 அடி. ஒரு மனைக்கு ஒரு குடும்பம். கடை, தொழில், வியாபாரம் எதுவும் கூடாது. அம்மாவும் நானும் அன்று பார்த்த புல்வெளியின் அகலம், ரசனையால் வந்தது என்று நான் நினைத்திருந்தேன். அது பத்திரத்தில் அடிக்கணக்காக எழுதிவைத்தது.

கடை ஏன் கூடாது? வாசலில் டிராம் நிற்கிறதே. வேண்டியதை நகரத்தில் வாங்கிக்கொண்டு அதிலேயே வரலாம். கடை வந்தால் கடைக்காரர் வருவார், அவர் மாடியில் குடியிருப்பார், அவருடைய பையன் தெருவில் விளையாடுவான். ஒரு பெட்டிக்கடையை மறுப்பதில் எத்தனை பேரை மறுக்க முடிகிறது பாருங்கள். டிராம் இல்லாவிட்டால் கடையில்லாத ஊரில் ஒரு வாரம்கூடத் தள்ள முடியாது. தூரத்தைக் குறைக்க வந்த வண்டி இன்னொரு வகைத் தூரத்தைக் கட்டிக்காக்க உதவியது.

முதலில் எழுதிய அந்தப் பத்திரங்களில் இனத்தைப் பற்றி வெளிப்படையான வரி இல்லை. வீட்டின் குறைந்தபட்ச விலையே வேலியாக நின்றது. விலை போதாதபோது என்ன நடந்தது என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. பக்கத்தில், விஸ்கான்சின் அவென்யூவை ஒட்டி, பெல்மாண்ட் என்ற நிலத்தைக் கம்பெனி 1906-இல் விற்றது. அது கைமாறி, அங்கே கறுப்பின வணிகர்கள் தம் மக்களுக்கு மனை விற்கிறார்கள் என்று தெரிந்ததும் 1909-இல் கம்பெனி நீதிமன்றம் போனது. நிலம் மறுபடியும் கம்பெனியிடமே வந்து சேர்ந்தது. பல பத்தாண்டுகள் கழித்து அந்த இடத்தில் என்ன எழுந்தது தெரியுமா? ஓர் ஆடம்பரத் துணிக்கடை.

நியூலேண்ட்ஸ் அரசியலிலும் மேலே போனார். முதலில் காங்கிரஸில், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தில், கீழவை உறுப்பினர், பிறகு மேலவையில் செனட்டர். அமெரிக்காவின் வறண்ட மேற்கு மாநிலங்களில் அணைகளும் பாசனக் கால்வாய்களும் வரக் காரணமான 1902-ஆம் ஆண்டுச் சட்டம் அவர் பெயரால் அறியப்படுகிறது. அதே மனிதர் 1912-இல், கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தந்த அரசியல் சாசனத் திருத்தத்தையே நீக்க வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். நாங்கள் இறங்கிப் பார்த்தோமே அந்த நீரூற்று, அவர் நினைவாக 1930-களில் எழுப்பியது. அந்தப் பெயர் அங்கே இருக்கலாமா என்று சில ஆண்டுகளாக வாதம் நடக்கிறது. வேறு பெயர் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பெயரை மாற்றினாலும் அந்த 35 அடி அப்படியே இருக்கும்.

இதில் என்னை உறுத்திய முரண் ஒன்று. வாஷிங்டன் நகர டிராம்களில் நிறப் பிரிவினை கூடாது என்று காங்கிரஸ் 1865-லேயே சட்டம் போட்டுவிட்டது. தெற்கில் பல நகரங்களில் கறுப்பினத்தவரைப் பின்னிருக்கைக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலத்திலும் தலைநகரில் டிராமில் யாரும் எங்கேயும் உட்காரலாம். ஆக, செவி சேஸ் வீடுகளில் சமைக்கவும் துவைக்கவும் வந்த பெண்கள், அந்த வீட்டு முதலாளிகள் ஏறிய அதே வண்டியில் பக்கத்து இருக்கையில் வந்திருக்க முடியும். இறங்கிய பிறகு ஒருவருக்கு முன்வாசல், இன்னொருவருக்குப் பின்வாசல்; மாலையில் அதே வண்டியில் திரும்பிப் போய்விட வேண்டும்.

இனி, என் தாத்தாவை இந்தக் கதைக்குள் இழுத்துவரும் சங்கதி.

வாஷிங்டனின் அகன்ற சாலைகளுக்கு மேலே கம்பிகள் தொங்கினால் தலைநகரின் அழகு கெட்டுவிடும் என்று காங்கிரஸ் கருதியது. பழைய நகர எல்லைக்குள் மேல்கம்பி கூடாது என்று தடை போட்டது. மின்சார வண்டி வேண்டும், கம்பி மட்டும் வேண்டாம் என்றால் எப்படி? இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் தரைக்கு அடியில் ஒரு கால்வாய் வெட்டி, அதற்குள் மின்கம்பிகளை ஓட்டினார்கள். மேலே நீளவாட்டில் ஒரு மெல்லிய பிளவு. வண்டியின் அடியிலிருந்து தட்டையான ஒரு நாக்கு அந்தப் பிளவுக்குள் இறங்கிக் கம்பிகளைத் தொட்டுக்கொண்டு வரும். அதற்கு இவர்கள் வைத்த பெயர் கலப்பை. தெருவை உழுதுகொண்டு போகும் டிராம்! ராக் க்ரீக் ரயில்வே 1893-இல் யூ தெருவில் போட்ட துண்டுதான் வாஷிங்டனில் இந்த முறையின் முதல் முயற்சி.

நகருக்குள் கலப்பை, நகருக்கு வெளியே மேல்கம்பி. இரண்டும் சந்திக்கும் இடத்தில் தண்டவாளத்துக்கு நடுவே ஒரு குழி இருக்கும், அதற்குள் ஓர் ஆள். வண்டி அவர் தலைக்கு மேல் வந்து நிற்கும். அவர் கீழேயிருந்து கலப்பையைக் கழற்றிக்கொள்வார். மேலே கம்பத்தைத் தூக்கிக் கம்பியில் மாட்டுவார்கள். மணி அடிக்கும், வண்டி நகரும். எதிர்ப்பக்கம் வரும் வண்டிக்குத் திரும்ப மாட்டிவிட வேண்டும். பனியிலும் மழையிலும், நாளெல்லாம், வண்டிகளின் அடிவயிற்றை மட்டுமே பார்த்துக்கொண்டு ஒரு வேலை. மேலே உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேருக்கு அவர் முகம் தெரிந்திருக்கும்?

இதை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, "எங்க அப்பா சொல்லுவாரே" என்றாள். "மெட்ராஸ்லயும் மொதல்ல கம்பி தரைக்கு அடியிலதான் இருந்துதாம். மழ பெஞ்சு தண்ணி ரொம்பிடுச்சாம்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. தேடிப் பார்த்தால் தாத்தா சொன்னது சரி. இந்தியாவின் முதல் மின்சார டிராம் சென்னையில் 1895 மே 7 அன்று ஓடத் தொடங்கியது. அதுவும் தரையடிக் கால்வாய் முறையில். வடகிழக்குப் பருவமழையிடம் அந்தக் கால்வாயின் பாச்சா பலிக்கவில்லை. பிறகு மேல்கம்பிக்கு மாறினார்கள். வாஷிங்டனில் சட்டம் கம்பியைக் கீழே இறக்கியது, சென்னையில் மழை அதை மேலே ஏற்றியது. தாத்தா பிறப்பதற்கு முன் நடந்தது இது. அவருக்கு அவருடைய அப்பா சொல்லியிருக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் இரண்டு தலைமுறை வாய்வழியாக வந்த ஒரு தொழில்நுட்பச் செய்தியை நான் அமெரிக்காவில் உட்கார்ந்து சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

சென்னை டிராம் 1953 ஏப்ரலில் நின்றது. அம்மாவுக்கு அப்போது விவரம் தெரியாத வயது. வண்டி நின்ற பிறகும் லஸ் பக்கம் தெருவில் பதிந்து கிடந்த தண்டவாளத்தில் சைக்கிள் சக்கரம் மாட்டி அவளுடைய சித்தப்பா விழுந்தது மட்டும் அவளுக்குத் தெரியும். "பல்லு போச்சு. அதுக்கப்புறம் டிராம்னாலே அவருக்கு ஆகாது."

செவி சேஸ் வண்டிக்குத் திரும்புகிறேன். காலையிலும் மாலையிலும் அலுவலகக் கூட்டம் ஏறும். இடைநேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வண்டி காலி. ஆனால் மின்நிலையம் ஓடிக்கொண்டுதான் இருக்க வேண்டும். நாடு முழுக்க டிராம் கம்பெனிகள் இந்தச் சிக்கலுக்கு ஒரே தீர்வைக் கண்டுபிடித்தன: பாதை முடியும் இடத்தில் ஒரு கேளிக்கைப் பூங்கா. இங்கே அதற்கு வாகாக ஓர் ஏரியும் இருந்தது. இயற்கை ஏரி இல்லை. மின்நிலையத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று கோக்வெலின் ரன் என்ற சிற்றோடையை மறித்துக் கட்டியது. கொதிகலனுக்கு வெட்டிய குளத்தில் படகு விட்டார்கள். 1894-இல் செவி சேஸ் லேக் பூங்கா பிறந்தது. குடைராட்டினம், பந்துருட்டும் கூடம், நடன மேடை, சிப்பி வடிவ மேடையில் பேண்டு வாத்தியம். அமெரிக்க மரைன் படையின் பேண்டு குழுகூட அங்கே வாசித்திருக்கிறது.

வாஷிங்டன் கோடைகாலத்தை அனுபவித்தவர்களுக்கு இது புரியும். ஜூலையில் சென்னைக்குச் சளைக்காத புழுக்கம். ஏசி இல்லாத காலம். பக்கச் சுவரே இல்லாத, திறந்த பெஞ்சு வண்டிகள் கோடைக்கென்றே உண்டு. மாலையில் குடும்பத்தோடு ஏறி உட்கார்ந்தால் வடக்கே போகப் போக மரங்கள் கூடும், காற்று குளிரும். ஏரிக்கரையில் பாட்டு. திரும்பும்போது குழந்தைகள் மடியில் தூங்கியிருக்கும். காற்றுக்காகவே டிக்கெட் எடுத்த கூட்டம் அது. அந்தக் காலி இருக்கைகளை நிரப்ப ஒரு கணக்குப்பிள்ளை போட்ட திட்டம் இத்தனை பேருக்கு மாலைப்பொழுதாக அமைந்ததை நினைத்தால் நியூலேண்ட்ஸ் மேல் இருக்கும் கோபம் கொஞ்சம் இறங்கத்தான் செய்கிறது. அப்புறம் பெல்மாண்ட் நினைவு வந்து மறுபடி ஏறுகிறது.

ராக் க்ரீக் ரயில்வே 1895-இல் நகரின் பழைய, பெரிய டிராம் நிறுவனத்தோடு இணைந்து கேபிடல் டிராக்‌ஷன் என்று பெயர் மாறியது. அதே ஆண்டு ஏரியிலிருந்து வடக்கே கென்சிங்டன் வரை இன்னொரு சிறு பாதையும் நீண்டது. புதிய நூற்றாண்டில் மனைகள் விற்கத் தொடங்கின. அரசு உயர் அதிகாரிகள், வக்கீல்கள், மருத்துவர்கள் குடியேறினார்கள். வீடுகள் நிறைந்தன. பிறகு அந்த வீடுகளின் பின்புறம் கொட்டகைகளில் கார்கள் வந்து நின்றன.

மனையெல்லாம் விற்றுத் தீர்ந்த பிறகு வண்டி எதற்கு? 1935 செப்டம்பரில் செவி சேஸ் பாதையில் டிராமை நிறுத்திப் பேருந்து விட்டார்கள். பூங்காவும் சில ஆண்டுகளில் போனது, ஏரியும் போனது. வாஷிங்டனின் கடைசி டிராம் 1962 ஜனவரியில் நின்றது. பிறகு வந்த மெட்ரோ ரயில் கனெக்டிகட் அவென்யூவுக்கு அடியில் கொஞ்சதூரம் வந்து, செவி சேஸ் வட்டத்தை எட்டுமுன்பே மேற்கே திரும்பி விஸ்கான்சின் அவென்யூவுக்குப் போய்விடுகிறது. தண்டவாளத்தால் பிறந்த ஊருக்கு இன்று பேருந்துதான் கதி.

சில்வர் ஸ்பிரிங் பக்கம் ஒரு டிராம் அருங்காட்சியகம் இருக்கிறது. அம்மாவை அழைத்துப் போனேன். பழைய வண்டி ஒன்றில் ஏற்றி மரங்களுக்கு நடுவே ஒரு சுற்றுக் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுகிறார்கள். ஓட்டுபவர்கள் தன்னார்வலர்கள், பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள், சீருடையில் மிடுக்காக நிற்கிறார்கள். மர இருக்கைகளின் முதுகுப்பலகையை முன்னும் பின்னும் தள்ள முடியும். வண்டி பாதையின் முனைக்கு வந்ததும் அதைத் திருப்பத் தேவையில்லை, இருக்கைகளை மட்டும் திருப்பிக்கொண்டால் போதும். அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. யாரும் இல்லாத வரிசைகளில்கூடப் போய்ப் 'படக் படக்' என்று தள்ளிவிட்டு வந்தாள். ஓட்டுநர் காலால் மணியை மிதித்தபோது கையை என் முழங்கைமேல் வைத்துக்கொண்டாள். "அப்பா வாயாலயே இந்தச் சத்தம் போட்டுக் காட்டுவார்" என்றாள்.

இத்தனையும் பின்னால் தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குத் தெரிந்தது தாகம் மட்டும். கால்ஃப் மைதானம் முடிந்து, சாலை லேசாக இறங்க, முதல்முறையாகக் கடைகளின் பெயர்ப்பலகைகள் தெரிந்தன. பழைய டிராம் பாதை முடிந்த செவி சேஸ் லேக் பகுதி அதுதான். ஏரி இருந்ததற்கு அடையாளமாகப் பெயர் மட்டும் மிச்சம். இப்போது அங்கே புதிதாக அடுக்குமாடிகள், கீழ்த்தளத்தில் கடைகள். கட்டியவர்களில் முக்கியமானவர்கள் யாரென்று நினைக்கிறீர்கள்? அதே செவி சேஸ் லேண்ட் கம்பெனி, 1890-இல் பதிவானது, இன்னும் இருக்கிறது. காரணம், பர்ப்பிள் லைன் என்ற புதிய ரயில் வருகிறது. மேரிலாந்துப் புறநகர்களைக் குறுக்காக இணைக்கும் மின்சார வண்டி, மேல்கம்பியில் ஓடுவது. 2017-இல் வேலை தொடங்கி, ஒப்பந்தச் சண்டையில் நின்று, மறுபடி தொடங்கி இழுத்துக்கொண்டிருக்கிறது. வேண்டவே வேண்டாம் என்று வழக்கெல்லாம் போட்டு எதிர்த்தவர்கள் இந்தச் செவி சேஸ் பக்கத்தில் நிறைய.

அம்மா ஒரு கடைக்குள் போய்த் தண்ணீரும், நினைவாக ஒரு கட்டுக் கொத்தமல்லியும் வாங்கினாள். விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்து, வேண்டாம் என்று பாதி மனசோடு திருப்பி வைக்கப் போனதை நான்தான் தடுத்தேன். வெளியே நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். அவென்யூவுக்குக் குறுக்கே தலைக்கு மேலே புதுப்பாலம். பாட்டிலைத் திறந்து அண்ணாந்து குடித்தவள் அப்படியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்னைக்கு ஓடுமாம்?"

"2027 கடைசியில ஓடலாம்னு சொல்றாங்க."

"நான் இல்லாதப்போ ஓட்டுங்க" என்றவள், கொத்தமல்லியை முகர்ந்து பார்த்துவிட்டு, "வாசனையே இல்ல" என்றாள். பேருந்து வந்தது.